தி கிரேட் டிக்டேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, தயாரித்து, இரட்டை வேடத்தில் நடித்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ 1940 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் வெளியானது. கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். இந்தப் படத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் கீழே. கதை முழுவதும் இதில் வரும். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன?

முதல் உலகப் போரில் டொமேனியா என்ற கற்பனை நாட்டுக்காகச் சண்டை போடும் ஒரு யூதச் சிப்பாய், ஷுல்ட்ஸ் என்ற அதிகாரியைக் காப்பாற்றுகிறார். இருவரும் ஏறிய விமானம் விழுந்து நொறுங்கியதில் சிப்பாய்க்கு நினைவு தப்பிவிடுகிறது. இருபது வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஏதோ சில வாரங்கள்தான் ஆகியிருக்கும் என்ற நினைப்பில் தன் சலூனைத் திறக்க வருகிறார். அதற்குள் நாடு அடினாய்ட் ஹின்கெல் என்ற சர்வாதிகாரியின் கைக்குப் போயிருக்கிறது. கடைக் கண்ணாடியில் ‘யூதன்’ என்று பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் எழுதினார்கள் என்று புரியாமல் மனிதர் அதைத் துடைக்கப் போகிறார். வம்பு அங்கே தொடங்குகிறது.

ஹின்கெலும் சலூன்காரரும் அச்சு அசலாக ஒரே முகம். இருவருமே சாப்ளின்தான். கடைசியில் வதைமுகாமிலிருந்து தப்பி வரும் சலூன்காரரைச் சர்வாதிகாரி என்று நினைத்து மேடையேற்றிவிடுகிறார்கள். வாத்து வேட்டைக்குப் போன ஹின்கெலைச் சலூன்காரர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆள்மாறாட்டக் கதை என்பது நாடக மேடையில் அரதப் பழசு. அதை யார் மீது, எந்த ஆண்டில் ஏவினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு எடுத்த படமா?

இல்லை. பலர் அப்படி நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். அதனாலேயே படம் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகிறது. தோற்றுப்போனவரைக் கேலி செய்வது யாராலும் முடியும். இந்தப் படத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு காலண்டர் இருக்க வேண்டும் என்பேன்.

சாப்ளின் இதை எழுதத் தொடங்கியது 1938இல். அந்த மார்ச்சில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தார். செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம்: பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை அவருக்குத் தாரை வார்த்தன. ஹிட்லரைச் சமாதானப்படுத்தி வைக்கலாம் என்று நம்பிய காலம் அது. இப்படியொரு படம் வந்தால் பிரிட்டனில் திரையிட முடியாது என்ற எச்சரிக்கை அங்கிருந்து வந்தது. அமெரிக்கா நடுநிலை நாடு. ஹாலிவுட் ஸ்டுடியோக்களோ ஜெர்மன் சந்தையை இழக்க மனமில்லாமல் நாஜிகளைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி யார் என்ன படம் எடுக்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, புகார் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. 3ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. 9ஆம் தேதி சாப்ளின் படப்பிடிப்பைத் தொடங்கினார். தடுக்கப் பார்த்தவர்களே இப்போது சீக்கிரம் முடியுங்கள் என்றார்கள். படம் திரைக்கு வந்தபோது பாரிஸ் ஜெர்மானியர் கையில், லண்டன் மேல் தினமும் குண்டு. ஹிட்லர் தோற்பார் என்று பந்தயம் கட்ட ஆள் கிடைக்காத நேரம்.

செலவு முழுக்க சாப்ளினின் சொந்தப் பணம். சொந்த ஸ்டுடியோவும், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் விநியோக நிறுவனத்தில் பங்கும் இருந்ததால்தான் இது முடிந்தது. வேறு யாரும் முதலாளியிடம் அனுமதி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

யார் யாரைக் குறிக்கிறார்கள்?

ஹின்கெல் – ஹிட்லர். கார்பிட்ஷ் – பிரசார அமைச்சர் கோயபல்ஸ். ஹெர்ரிங் – விமானப்படைத் தலைவர் கோயரிங். பாக்டீரியா நாட்டின் சர்வாதிகாரி பென்சினோ நாப்பலோனி – முசோலினி. ஆஸ்டர்லிச் – ஆஸ்திரியா. ஸ்வஸ்திகாவின் இடத்தில் இரட்டைச் சிலுவை. பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குப்பை, கருவாடு, கிருமி என்று ஒவ்வொன்றிலும் ஒரு நையாண்டி இருக்கும். பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர் ரகம்தான். படத்தின் கூர்மையான நகைச்சுவை வேறு இடங்களில் இருக்கிறது.

சாப்ளின் யூதரா? அதனால்தான் எடுத்தாரா?

யூதர் அல்ல. ஆனால் நாஜிகள் அப்படித்தான் எழுதினார்கள். 1931இல் அவர் பெர்லினுக்குப் போனபோது கூட்டம் அலைமோதியது, அது நாஜிகளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. பிறகு அவர்கள் வெளியிட்ட யூத வெறுப்புப் புத்தகம் ஒன்றில் இவர் படமும் இடம்பெற்றது. சாப்ளின் அதை மறுத்து அறிக்கை விடவில்லை. ‘நான் யூதன் இல்லை’ என்று பதறி மறுப்பதே யூத வெறுப்பாளர்களுக்கு உதவி செய்வதாகிவிடும் என்பது அவர் நிலைப்பாடு.

சாப்ளினும் ஹிட்லரும் ஒரே நாளில் பிறந்தவர்களா?

ஒரே வாரத்தில். சாப்ளின் 1889 ஏப்ரல் 16, லண்டன். ஹிட்லர் 1889 ஏப்ரல் 20, ஆஸ்திரியாவின் பிரௌனௌ. மீசையும் ஒன்றுபோல் இருந்ததால் கார்ட்டூன்காரர்களுக்குக் கொண்டாட்டம். மீசையில் முந்தியவர் சாப்ளின்தான். 1914லேயே அதை ஒட்டிக்கொண்டு திரையில் வந்துவிட்டார்.

ஹின்கெல் மேடையில் பேசுவது ஜெர்மன் மொழியா?

ஜெர்மன் போல ஒலிக்கும் உளறல். நடுநடுவே சாப்பாட்டுப் பெயர்கள் சில காதில் விழும். மற்றபடி கனைப்பு, உறுமல், இருமல், தொண்டையைச் செருமும் சத்தம். இதற்காக ஹிட்லரின் செய்திப்படங்களைச் சாப்ளின் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவெல் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். நியூயார்க்கில் நாஜி மாநாட்டுப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் ஆடிப்போய்விட்டாராம். சாப்ளினோ நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாராம்.

உளறலைவிட எனக்குப் பிடித்தது அதைச் சுற்றி நடப்பவை. ஹின்கெல் கத்தும்போது மைக்குகள் பயந்து பின்னால் வளைகின்றன. கையை உயர்த்தினால் கைதட்டல், சட்டென்று இறக்கினால் மயான அமைதி, குழாயைத் திறந்து மூடுவதுபோல. யூதர்களைப் பற்றி வெறிபிடித்துக் கொக்கரிக்கிறான், முகம் கோணுகிறது, வாய் நுரைக்காத குறை. வானொலி மொழிபெயர்ப்பாளர் அமைதியான குரலில், மாண்புமிகு தலைவர் இப்போது யூத மக்களைக் குறித்துப் பேசினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வெறியனின் உளறலைக் கண்ணியமான வாசகமாக மாற்றித் தரும் அந்தக் குரல் இல்லாமல் எந்த ஹின்கெலும் வெகுதூரம் போக முடியாது. சாப்ளின் அதற்குக் கொடுத்தது சில நொடிகள்தான், ஆனால் படத்திலேயே மிகக் கசப்பான நகைச்சுவை அது.

இன்னொரு விஷயம். 1936 வரை பேசும்படத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் பிடிவாதம் பிடித்தவர் சாப்ளின். முழுக்க வசனத்தோடு அவர் எடுத்த முதல் படம் இதுதான். ஊமைப் படத்தின் ராஜா வாய் திறந்தபோது அர்த்தமே இல்லாத சொற்பொழிவு ஒன்று வந்தது.

உலக உருண்டைக் காட்சியை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

கார்பிட்ஷ் ஹின்கெலின் காதில் ஓதுகிறான்: முதலில் யூதர்களை ஒழிப்போம், அடுத்து கறுமுடிக்காரர்களை. பொன்முடி ஆரியர்கள் மட்டும் மிஞ்சிய உலகத்துக்குக் கறுமுடித் தலைவன் ஒருவன் கடவுள் போல இருப்பான். கேட்ட ஹின்கெலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிடுகிறது. திரைச்சீலையில் தொற்றி ஏறுகிறான். பிறகு இறங்கி வந்து, தனியாக, பலூனால் ஆன உலக உருண்டையைக் கையில் எடுக்கிறான். தட்டுகிறான், உதைக்கிறான், மேசையில் மல்லாந்து படுத்துப் பின்புறத்தால் எம்புகிறான். பின்னணியில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘லோஹன்க்ரின்’ ஓபரா இசை. ஹிட்லர் வாக்னரை வழிபட்டவர் என்பது ஊரறிந்த செய்தி. கடைசியில் இறுக்கி அணைக்கும்போது உருண்டை முகத்திலேயே வெடிக்கிறது.

இதில் ஒரு வசனம் கிடையாது. ஊமைப் படக் காலத்து உடம்பு முழுத் திறனோடு ஆடுகிறது. பார்க்கும்போது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. அங்கேதான் நமக்குச் சுருக்கென்கிறது: இந்த ஆள் உலகத்தை வெறுத்து அழிக்கவில்லை, பொம்மையை ஆசையாகக் கொஞ்சும் குழந்தையின் மயக்கத்தில் அழிக்கிறான்.

ஆனால் இந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். உடனே அடுத்து வருவது சலூன்காரர், வானொலியில் ஒலிக்கும் பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் எண் 5இன் தாளத்துக்கு ஒருவருக்கு முகச்சவரம் செய்வது. நுரை பூசுவது, கத்தியைத் தீட்டுவது, இழுப்பது எல்லாம் இசையோடு ஒட்டி ஓடும், ஒரே ஷாட்டில். ஒருவன் இசைக்கு உலகத்தை உதைக்கிறான், இன்னொருவர் இசைக்கு வேலை செய்கிறார். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

அரண்மனைக் காட்சிகளில் அரசியல் இருக்கிறதா, வெறும் கோமாளித்தனமா?

நிறைய இருக்கிறது. கடன் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டர்லிச்சைப் பிடிக்கப் பணம் வேண்டும். எப்ஸ்டீன் என்ற யூத வங்கியாளரிடம் கடன் கேட்க முடிவாகிறது. உடனே யூதர் குடியிருப்பில் அடி உதை நிற்கிறது. சீருடைப் படையினர் கீழே விழுந்த பெண்ணைத் தூக்கிவிடுகிறார்கள், தூசி தட்டிவிடுகிறார்கள். மக்களுக்கும் ‘நிலைமை மாறிவிட்டது’ என்று நம்பிக்கை வருகிறது. எப்ஸ்டீன் மறுக்கிறார். அன்றைக்கே மறுபடி தாக்குதல். வெறுப்பு என்பது மேலே இருப்பவர்கள் தேவைக்கேற்பத் திறந்து மூடும் ஒன்று என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிய படத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தக் கண்டுபிடிப்பாளர்கள். குண்டு துளைக்காத உடை என்று ஒருவன் வருகிறான். ஹின்கெல் சுட்டுப் பார்க்கிறான், ஆள் காலி. தொப்பியிலேயே பாராசூட் என்று இன்னொருவன் ஜன்னலிலிருந்து குதிக்கிறான், அவனும் காலி. ஹின்கெலுக்கு வரும் ஒரே வருத்தம், ஹெர்ரிங் இப்படித் தன் நேரத்தை வீணடிக்கிறானே என்பது. சிரித்து முடித்த பிறகுதான் இரண்டு பேர் செத்ததே உறைக்கிறது.

நாப்பலோனி வந்ததும் ரகளை வேறு திசையில் போகிறது. ரயில் கம்பளத்துக்கு நேராக நிற்காமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கிறது. விருந்தாளி அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று குட்டை நாற்காலி போட்டு வைக்கிறார்கள், நாப்பலோனியோ மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறான். சவர நாற்காலியில் யார் அதிக உயரம் என்று இருவரும் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். ஜாக் ஓக்கி நாப்பலோனியாகச் சாப்ளினையே ஓரங்கட்டும் அளவுக்கு நடித்திருக்கிறார்.

சலூன்காரர் அந்தப் பழைய தொப்பி-கைத்தடி நாடோடிதானா?

தோற்றம் ஏறக்குறைய அதுவே: தொப்பி, கைத்தடி, தொளதொள பேன்ட். தலையில் வாணலி அடி வாங்கி மயக்கத்தில் தெரு ஓரத்து விளிம்பில் நடனமாடிப் போகும் இடத்தில் சந்தேகமே வராது. ஆனால் இவருக்குத் தொழில் இருக்கிறது, சமூகம் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. நாடோடியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு சாப்ளின் அந்த உருவத்தைத் திரையில் மறுபடி கொண்டுவரவில்லை.

நாயகியின் பெயர் ஹன்னா. பாலெட் கொடார்ட் நடித்தது. சாப்ளினின் தாயார் பெயரும் ஹன்னா, 1928இல் இறந்தவர்.

கடைசி உரை படத்தோடு ஒட்டவில்லையே?

ஒட்டவில்லைதான். வெளியான நாளிலிருந்து இதே சண்டை. சலூன்காரர் மேடையேறி, நான் சக்கரவர்த்தியாக விரும்பவில்லை என்று தயங்கித் தொடங்குகிறார். பேராசையைப் பற்றி, மனிதனை இயந்திரமாக்குவதைப் பற்றிப் பேசுகிறார். சிப்பாய்களைப் பார்த்து, உங்களை மாடுகளாக நடத்துபவர்களுக்கு அடிபணியாதீர்கள் என்கிறார். பேசப் பேசக் குரல் ஏறிக்கொண்டே போகிறது. தலை நரைக்கத் தொடங்கிய சார்லஸ் சாப்ளின்தான் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார், சலூன்காரர் எங்கோ போய்விட்டார்.

முதலில் யோசித்த முடிவு வேறு. உரையைக் கேட்டுச் சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு நடனமாடுவதாக எடுத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். சாப்ளினின் அண்ணன் சிட்னி கலர் ஃபிலிமில் பதிவுசெய்த படப்பிடிப்புக் காட்சிகளில் அந்த நடனம் இருக்கிறது. 1940 ஜூன் 14 அன்று பாரிஸ் விழுந்தது. அந்த மாத இறுதியில் உரையைப் படமாக்கினார். சிப்பாய்கள் நடனமாடி முடிக்கும் கதையை அந்த வாரத்தில் யார் நம்பியிருப்பார்கள்?

விமர்சகர்கள் பலர் உரையைக் குறை சொன்னார்கள். ஒரு நியூயார்க் பத்திரிகை, பார்வையாளர் மீது கம்யூனிச விரலை நீட்டுகிறார் என்றது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் வேறு மாதிரி பார்த்தார். படத்தின் கட்டமைப்பு பலவீனம் என்பதை ஒப்புக்கொண்டு, அரசாங்கத்துக்குப் புத்தி இருந்தால் இந்தப் படத்துக்குத் தாராளமாக மானியம் கொடுத்து, சில பிரதிகளை ஜெர்மனிக்குள்ளும் எப்படியாவது அனுப்பப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். 1941 ஜனவரியில் ரூஸ்வெல்ட் மீண்டும் அதிபர் பதவியேற்றபோது வாஷிங்டனில் சாப்ளின் இதே உரையை மேடையில் பேசிக் காட்டினார்.

என் கருத்து: சினிமாவாகப் பார்த்தால் அது தோல்வி. சொல்லும் விஷயங்களும் பொத்தாம்பொதுவானவை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரமாக ஒலிபெருக்கி என்ன செய்யும் என்று காட்டிவிட்டு, அதே ஒலிபெருக்கியை, அதே உச்சக் குரலை இவரும் பயன்படுத்துகிறார். கூட்டம் ஹின்கெலுக்குத் தட்டியது போலவே இவருக்கும் கைதட்டுகிறது. சாப்ளின் அதைத் தெரிந்தே வைத்தாரோ இல்லையோ, அந்தக் கைதட்டல் என்னை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. உரையை மட்டும் வெட்டி, உருக்கமான இசை சேர்த்துச் சுற்றுக்கு விடுபவர்களின் வீடியோக்களில் இந்த உறுத்தல் காணாமல் போய்விடுகிறது.

லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட விஷயத்தை வைத்துச் சிரிக்கலாமா?

சாப்ளினே இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964இல் வெளிவந்த சுயசரிதையில் சொல்கிறார். படத்தில் வரும் முகாம் அணிவகுப்பும் கெடுபிடியும் நிறைந்த சிறை, அவ்வளவுதான். 1940 அக்டோபரில் பெரிய கொலை முகாம்கள் இயங்கத் தொடங்கவில்லை.

ஆக, இன்று அந்த முகாம் காட்சிகளில் சிரிப்பு வராவிட்டால் அது பார்ப்பவர் குறையல்ல. ஹின்கெலைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தன்னைப் பற்றி ஒருவரும் சிரிக்கக்கூடாது என்பதற்காகவே பத்திரிகை, வானொலி, சிறை எல்லாவற்றையும் கையில் எடுத்தவர்கள் அவர்கள்.

எங்கெல்லாம் தடை?

ஜெர்மனியிலும் அதன் பிடியில் இருந்த நாடுகளிலும் பேச்சுக்கே இடமில்லை. பிரான்ஸ் 1945இல் பார்த்தது. மேற்கு ஜெர்மனியில் 1958. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்த பிறகு, 1976இல். இத்தாலியில் நாப்பலோனியின் மனைவி வரும் காட்சிகளை முசோலினியின் மனைவிக்கு மரியாதை என்று வெட்டி வைத்திருந்தார்கள், 2002இல்தான் முழுதாக வந்தது.

ஓடியதா? ஆஸ்கர் கிடைத்ததா?

நன்றாக ஓடியது. ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய உதவியாளர் ஹாரி ஹாப்கின்ஸ், நல்ல படம்தான், ஆனால் நஷ்டம் வரும் என்று சாப்ளினிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைசியில் சாப்ளினின் படங்களிலேயே அதிகம் சம்பாதித்தது இதுதான். சிறந்த படம், நடிகர், துணை நடிகர், திரைக்கதை, இசை என்று ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கதைத் திருட்டு வழக்கு ஒன்று இருந்ததாமே?

கான்ராட் பெர்கோவிச்சி என்ற எழுத்தாளர் யோசனை தன்னுடையது என்று வழக்குப் போட்டார். 1947இல் சாப்ளின் 95,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. சுயசரிதையில், யோசனையை 1937இல் சொன்னவர் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா என்கிறார்.

இந்தப் படத்தால்தான் அமெரிக்கா அவரை வெளியேற்றியதா?

இது மட்டும் காரணமல்ல. ஆனால் அரசியல் பேசும் சாப்ளின் இங்கிருந்துதான் தொடங்குகிறார். அமெரிக்காவைப் போருக்குள் இழுக்கும் பிரசாரம் என்று சில ஹாலிவுட் படங்களை விசாரிக்க 1941இல் செனட்டில் ஒரு குழு உட்கார்ந்தது. பட்டியலில் இதுவும் இருந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் விசாரணை அப்படியே அமுங்கிப்போனது. பிறகு அவர் சோவியத்துக்கு ஆதரவாகப் பேசிய கூட்டங்கள், சொந்த வாழ்க்கை வழக்குகள், கம்யூனிஸ்ட் வேட்டை எல்லாம் சேர்ந்தன. 1952இல் அவர் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1972இல் கௌரவ ஆஸ்கர் வாங்கத்தான் மறுபடி வந்தார்.

ஹிட்லர் படத்தைப் பார்த்தாரா?

இரண்டு முறை பார்த்தார் என்று ஒரு கதை உலவுகிறது. உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. நன்றாக இருக்கும் கதை என்பதால் எல்லாரும் சொல்கிறார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? எங்கே தொய்வு?

பத்து வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம். தொடக்கத்தில் வரும் போர்க்களக் காட்சிகள், தலைகீழாகப் பறக்கும் விமானம், நாணயத்தை ஒளித்துவைத்த புட்டிங்கை ஆளாளுக்குத் தின்னும் காட்சி எல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும். அந்த புட்டிங் காட்சியில் ஹின்கெலைக் கொல்ல யார் உயிரைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள் என்பதை மட்டும் முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி மேல் கேள்வி வரும். ஹன்னாவும் சலூன்காரரும் மெதுவாகப் பேசிக்கொள்ளும் இடங்களில் படம் சற்று இழுக்கும். சாப்ளினுக்கு வசனம் எழுதுவது அப்போது இன்னும் பழகவில்லை. சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் ஹின்கெலின் பேச்சு வரும்போது அதை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.